தனி உதவியாளருடன் சொந்தமாக வாழ அரசிடம் எதைக் கோரலாம்?

கேள்வி: பொதிகைத்தென்றல்

அனைவருக்கும் வணக்கம். சாலை விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் காயமுற்றதால் மார்புக்குக் கீழ் உணர்வின்றிச் சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். படிப்பை வீட்டிலிருந்தே முடித்தேன். இப்போது சென்னையில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தரைத்தள வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு வாழ விரும்புகிறேன்.

காலையில் சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது, மலம் கழிக்க உதவுவது, குளிக்கவைத்து உடுத்தி நாற்காலியில் அமர்த்துவது ஆகியவற்றுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். படுக்கைப்புண் வராமலிருக்க இரவில் சில முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இதுவரை அம்மாவும் அப்பாவும் செய்தார்கள், இருவருக்கும் வயதாகிவிட்டது. ஆள் அனுப்பும் நிறுவனங்கள் கேட்கும் தொகையோ என் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அரசு அலுவலகம் ஒன்றில் விசாரித்தபோது, "ஏதாவது இல்லத்தில் சேர்ந்துவிடுங்கள், எல்லாவற்றையும் அங்கேயே பார்த்துக்கொள்வார்கள்" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். எனக்கு வேண்டியது இல்லம் அன்று, என் வீட்டுக்கு வந்து உதவுபவருக்கான சம்பளம். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா?

மறுமொழி: வழக்கறிஞர், மதுரை

இடமிருக்கிறது, சகோதரி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமூகத்தில் வாழும் உரிமை மாற்றுத்திறனாளிக்கு உண்டு என்கிறது. குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு நேராமலும், தனி உதவியாளர் உள்ளிட்ட ஆதரவுச் சேவைகள் அவருக்குக் கிடைக்கும்படியும் அரசு முயலவேண்டும் என்றும் அது கூறுகிறது. "முயலவேண்டும்" என்ற சொல்லாட்சி பலவீனமானதுதான். ஆயினும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக உருவாகி, 2007இல் இந்தியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது உறுப்பிலிருந்து வந்த கடமை இது என்பதை மனுவில் எழுத மறவாதீர்கள்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது 38ஆம் பிரிவு. 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் எனச் சான்று பெற்ற ஒருவர், தமக்கு உயர் ஆதரவு (அன்றாடச் செயல்களுக்குப் பிறரின் தீவிர உதவி) தேவை என்று தாமே கருதினால் போதும், அதற்கென அரசு அறிவித்த அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். அவர் அதை மதிப்பீட்டு வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். எத்தகைய ஆதரவு, எந்த அளவுக்குத் தேவை என்று வாரியம் அறிக்கை அளிக்கும். மதிப்பீட்டு முறைக்கான விதிகளை மத்திய அரசு 2019இல் வெளியிட்டது. அறிக்கை கிடைத்தபின்னும், நடப்பிலுள்ள அரசுத் திட்டங்களுக்கு உட்பட்டே ஆதரவு கிடைக்கும் என்பதுதான் இப்பிரிவின் பெரிய ஓட்டை. 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியைப் பற்றிப் பேசுகிறது, ஆனால் தொகையைச் சொல்லவில்லை.

மறுமொழி: நொய்யல்

அம்மா, நானும் உங்களைப் போன்றவனே. கோவையில் தனியாகக் குடியிருக்கிறேன். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. உயர் ஆதரவு தேவைப்படுவோரின் உதவியாளருக்கென மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமும் உண்டு. ஆயிரம் ரூபாயை முப்பது நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய் வருகிறது. பெற்ற தாய் செய்யும் வேலைக்கு ஒரு கைச்செலவு என்ற எண்ணத்தில்தான் அது வகுக்கப்பட்டதோ என்று தோன்றுகிறது. வெளியாள் ஒருவரை வேலைக்கு அமர்த்தும் கணக்கு அதில் இல்லை. இருந்தாலும் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், பதிவேட்டில் உங்கள் பெயர் இருப்பது பின்னால் உதவும்.

ஒரே உதவியாளரை நம்பி இருக்கவேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போனால் நீங்கள் படுக்கையிலேயே கிடக்க நேரும். காலைக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று பிரித்து, வேலையை நீங்களே கற்றுக்கொடுங்கள். நிறுவனம் அனுப்பும் ஆள் நிறுவனத்தின் சொல்லைக் கேட்பார். நீங்கள் சம்பளம் கொடுக்கும் ஆள், எத்தனை மணிக்கு எழுப்பவேண்டும், எந்தப் புடவை கட்டவேண்டும் என்று உங்களிடம் கேட்பார்.

மறுமொழி: வடதுருவத் தமிழன்

நான் ஸ்டாக்ஹோமில் உதவியாளராக வேலை பார்த்தவன். சுவீடனில் 1994 முதல் நடைமுறையிலுள்ள எல்.எஸ்.எஸ். என்ற மாற்றுத்திறனாளிகள் ஆதரவுச் சட்டத்தின்படி, குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டுவோருக்கு அரசுக் காப்பீட்டு நிறுவனமே பணம் தருகிறது. அப்பணத்தைக் கொண்டு நகராட்சியிடமோ தனியார் நிறுவனத்திடமோ சேவை பெறலாம், தாமே முதலாளியாகவும் இருக்கலாம். பயனாளிகளே நடத்தும் ஸ்டில் என்ற கூட்டுறவு அமைப்பை மாற்றுத்திறனாளி உரிமைப் போராளி அடால்ஃப் ராட்ஸ்கா முதலியோர் 1980களில் தொடங்கி, இது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று காட்டிய பிறகே சட்டம் வந்தது. 2009இல் உச்ச நிர்வாக நீதிமன்றம் அடிப்படைத் தேவைகளுக்குக் குறுகிய பொருள் கொண்டதன் விளைவாகப் பின்னர் பலர் உதவியை இழந்தார்கள் என்பதும் உண்மை. பிரிட்டனில் இதே நோக்கத்துக்காக 1988இல் தொடங்கிய நிதியம் 2015 ஜூன் 30 அன்று மூடப்பட்டது. ஆகையால் திட்டமாக மட்டும் கேட்காமல், மணிக்கணக்கில் அளந்து சட்டத்தில் எழுதும்படி கேட்கவேண்டும்.

பொதிகைத்தென்றல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரு நாளின் வேலைகளை மணிவாரியாக எழுதி, 38ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்கப் போகிறேன். பதிலே வராவிட்டால் என்ன செய்வது, ஐயா?

வழக்கறிஞர், மதுரை

அந்த மணிவாரிப் பட்டியல் நல்ல யோசனை. வாரியம் மறுக்க முடியாத சான்றாக அது நிற்கும். விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். உரிய காலம் பொறுத்தும் பதில் இல்லையென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை வரவழைப்பது, ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது போன்றவற்றில் அவருக்கு உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்கள் உண்டு. அவர் அளிக்கும் பரிந்துரையின்மேல் துறை எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். ஏற்காவிட்டால் காரணத்தை அவருக்கும் உங்களுக்கும் அதே காலத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். அந்தக் காரணம் கையில் இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவுக்கு (அரசுக்கு ஆணையிடக் கோரும் மனுவுக்கு) பிடி கிடைக்கும்.