சாளரம் வேண்டாம், வெளிகாட்டி என்போம்

கலைச்சொல் குழுவில் எல்லாருக்கும் வணக்கம். விமானத்தில் கண்ணாடிச் சாளரத்துக்குப் பதிலாக வரும் திரைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

"மெய்நிகர் சாளரம்", "திரைச்சாளரம்", "மாயச்சாளரம்" என்று மூன்று முன்மொழிவுகள் வந்துவிட்டன. பொருள் ஒன்றுதான். விமானத்தின் பக்கச் சுவரில் கண்ணாடி இராது. உடலின் வெளிப்புறத்தில் பூட்டிய கமராக்கள் பிடிக்கும் காட்சி, பயணிக்குப் பக்கத்திலுள்ள திரையில் அப்போதைக்கப்போதே தெரியும். மூன்று சொல்லிலும் சாளரம் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் வாதம். சொல் அழகுக்காகக் கேட்கவில்லை, அந்தப் பொருள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்துத்தான் கேட்கிறேன்.

இது நெடுநாள் கழித்து வரப்போகும் சங்கதி என்று யாரும் தள்ளிவைக்க வேண்டாம். எமிரேற்ஸ் 2017இல் போயிங் 777 முதல் வகுப்பின் நடு அறைகளுக்கு, அதாவது சுவரோரம் இல்லாத அறைகளுக்கு, இத்தகைய திரைகளைக் கொண்டுவந்தது. நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானத்தில் மூக்கு அவ்வளவு நீளம் என்பதால் விமானிக்கு நேர்முன்னே கண்ணாடியே கிடையாது. கமராவும் திரையும்தான் அவருக்கு முன்பார்வை.

பெருந்தொகைப் பயணிகளுக்கு இது தேவைப்படப்போவது உடலும் இறக்கையும் ஒன்றாகக் குழைந்த விமானத்தில். போயிங்கும் நாசாவும் எக்ஸ்-48பி என்ற சிறு மாதிரியை 2007இல் பறக்கவிட்டன. எயார்பஸ் 2020இல் காட்டிய மவெரிக் மாதிரி 2 மீற்றர் நீளம், 3.2 மீற்றர் அகலம். நீளத்தை விட அகலம் கூட. இதற்குச் சிலர் "கலப்பு இறக்கை உடலம்" என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வாசிப்பவருக்கு உரு ஒன்றும் தோன்றாது. அதன் படத்தைத் திருகோணமலை மீன் சந்தையில் யாரிடம் காட்டினாலும் "திருக்கை" என்று உடனே சொல்வார்கள். திருக்கைக்கு உடல் எங்கே முடிகிறது, செட்டை எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. இந்த விமானத்தின் இலக்கணமும் அதுதான். பறவையின் இறக்கைக்கும் மீனின் துடுப்புக்கும் செட்டை என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் பேச்சு எங்களுடையது. ஆகவே "திருக்கை வடிவ விமானம்" என்பதை இதே மடலில் பதிந்து வைக்கிறேன். அதை வேறாக விவாதிக்கலாம்.

திருக்கை வடிவத்தில் ஏன் கண்ணாடி வைக்க முடியாது? வைக்கலாம், ஆனால் விலை அதிகம். இன்றைய விமான உடல் ஒரு குழாய். உள்ளே அமுக்கம் ஏறும்போது குழாயின் தோல் சீராக இழுபடும். தட்டையான, அகன்ற அறையில் அதே அமுக்கம் கூரையையும் தளத்தையும் வளைக்கப் பார்க்கும்; வளைவுத் தகைப்பை, அதாவது வளைப்பதால் பொருளுக்குள் எழும் இறுக்கத்தை, தாங்கக் கூடுதல் பாரம் வேண்டும். இதற்காகவே கார்பன் இழைப் பலகைகளைத் தைத்துச் செய்த 30 அடி அகலப் பெட்டி ஒன்றை 2015இல் நாசாவின் லாங்லி ஆய்வுகூடத்தில் பரிசோதித்தார்கள். அந்தச் சுவரில் துளை போட்டால் துளையின் மூலையில் தகைப்பு குவியும். 1954இல் பிரித்தானியாவின் கொமெற் பயணிகள் விமானங்கள் வானில் பிளந்ததற்குக் காரணம் இதுதான்: திறப்புகளின் மூலைகளில் தொடங்கிய களைப்பு வெடிப்பு, அதாவது அமுக்கம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதால் உலோகத்தில் வந்த வெடிப்பு. எல்பா தீவுக்கு அருகே விழுந்த விமானத்தில் வெடிப்புத் தொடங்கியது கூரையிலிருந்த அலைவாங்கித் திறப்பில். பயணிச் சாளரத்தில் என்று பலரும் எழுதுவது பிழை. போயிங் 787இன் சாளரம் ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர் அகலம், 47 உயரம். உள்ளுக்கும் வெளிக்கும் 60 கிலோபஸ்கால் அமுக்க வேறுபாடு என்று வைத்தால், அந்த ஒரு கண்ணாடியை வெளியே தள்ளும் விசை, வளைந்த மூலைகளைக் கழித்த பிறகும், ஏறத்தாழ 700 கிலோ பாரத்துக்குச் சமம். ஒவ்வொரு சாளரத்தைச் சுற்றியும் தடித்த சட்டம் ஏன் என்பது இப்போது விளங்கும்.

அதோடு, திருக்கை வடிவத்தில் பக்கச் சுவர் முன்விளிம்பில் மட்டும்தான் வெளியைத் தொடும். நடுவில் இருப்பவருக்கு அது பல இருக்கைகளுக்கு அப்பால்.

ஆனால் இந்த விமானத்தில்தான் அடிவானம் தெரிவது கூடுதலாகத் தேவை. விமானம் 30 பாகை சரிந்து திரும்பும்போது நடுக்கோட்டிலிருந்து 6 மீற்றர் தள்ளி இருப்பவர் 3 மீற்றர் உயர்வார், அல்லது தாழ்வார். இன்றைய ஒடுங்கிய விமானத்தில் 1.5 மீற்றர் தள்ளி இருப்பவருக்கு அது முக்கால் மீற்றர்தான். உட்காது அசைவை உணர, கண் அசையாத சுவரைப் பார்த்தால் குமட்டும். அதனால் திரை வருகிறது. வந்த திரை கண்ணாடி போல நடக்குமா என்பதுதான் கேள்வி.

நடக்காது. 11 கிலோமீற்றர் உயரத்தில் அடிவானம் ஏறத்தாழ 374 கிலோமீற்றர் தூரத்தில். திருகோணமலையின் கோணேசர் மலையில் 100 மீற்றர் உயரத்தில் நின்று பார்த்தால் அது 36 கிலோமீற்றர்தான். திருகோணமலைக்கு நேர் மேலே 11 கிலோமீற்றர் உயரத்தில் பறந்தால், கணக்குப்படி இலங்கையின் வடமுனைப் பருத்தித்துறையும் தென்முனைத் தேவேந்திரமுனையும் இரண்டுமே அடிவானத்துக்கு உட்பட்டவை. மூடுபனி விடுமா என்பது வேறு. அந்த அடிவானம் கண்மட்டத்துக்கு 3.4 பாகை கீழே இருக்கும். உண்மைக் கண்ணாடியில் சிறுபிள்ளைக்கும் உயரமானவருக்கும் அது அவரவர் கண்ணுக்கு 3.4 பாகை கீழேயே நிற்கும். தலையைத் தாழ்த்தினால் சட்டத்துக்குள் அடிவானமும் தாழும், கீழே தெரிந்த கொட்டியாரக்குடா மறைந்துபோகும், மேலே வானம் கூடும். திரையில் அடிவானம் ஒரே கோட்டில் கிடக்கும். தலையின் அசைவைப் பின்தொடர்ந்து படத்தை மாற்றலாம், ஆனால் ஒரு திரைக்கு ஒருவருக்குத்தான். பக்கத்தில் இருப்பவருக்குப் படம் காரணமில்லாமல் ஆடும்.

கண்ணின் குவியமும் வேறு. கண்ணாடி வழியாகப் பார்க்கும் கண் தூரத்தில் ஓய்ந்திருக்கும். திரையைப் பார்க்கும் கண் 60 சென்ரிமீற்றரில் இறுகும். வெயில் பட்ட முகிலின் ஒளிர்வைத் திரை எட்டாது. ஆகவே முகில் வெளிறும், அல்லது கடல் கறுக்கும்.

அடுத்தது சுணக்கம். கமரா ஒளியை வாங்கி, கணினி நிறத்தைத் திருத்தி, திரை வரைந்து முடிக்க நேரம் செல்லும். செக்கனுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன், மூன்று படம் பிந்தினால் 50. செக்கனுக்கு 5 பாகை வீதம் விமானம் சரியும்போது சுணக்கம் 100 மில்லிசெக்கனானால் திரையில் அடிவானம் அரைப் பாகை பின்தங்கும். அரைப் பாகை என்பது முழுநிலவின் குறுக்களவு. காது முந்த, கண் பிந்தும். குமட்டலைத் தணிக்க வைத்த திரையே குமட்டலைக் கூட்டும்.

இவை எல்லாவற்றையும் விடப் பாரதூரமானது படம் உறைந்துபோவது. கண்ணாடி ஒருநாளும் பழைய காட்சியைக் காட்டாது. பனி படியும், கீறும், புகை மூடும். ஆனால் தெரிவதெல்லாம் இப்போதைய உண்மை. திரையோ கமராத் தொடர்பு அறுந்த பிறகும் கடைசிப் படத்தை அப்படியே வைத்திருக்கலாம். நின்ற விமானத்தில் வெளியே ஒன்றும் அசையாது. உறைந்த படத்துக்கும் உயிருள்ள படத்துக்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது. அவசர வழியைத் திறக்க முன், கதவு மூடியிருக்கும்போதே வெளி நிலவரத்தைப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விமானத் தகுதி விதி. தீ எந்தப் பக்கம் என்று பார்த்துத்தான் பணியாளர் கதவைத் தேர்வார். பாதி வாசல்களை மட்டும் பாவித்து 90 செக்கனில் எல்லாரும் வெளியேற வேண்டிய இடத்தில், பிழைக் கதவைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டிருக்க நேரம் இராது.

இப்போது கைநூலில் "சாளரத்தினூடாகப் பார்த்துத் திற" என்று இருந்து, திரைக்கும் பெயர் சாளரம் என்றால் என்ன நடக்கும்? ஆகவே சொல்: வெளிகாட்டி. நுணுக்குக்காட்டி பாடசாலைப் பிள்ளைக்கும் தெரியும். அதே வரிசையில் இதுவும் நிற்கும். காட்டி என்றாலே கருவி, கருவி என்றால் பிழை விடும். அந்த எச்சரிக்கை சொல்லுக்குள்ளேயே இருக்கட்டும்.

மறுமடல்

அண்ணை, வாதம் சரி. மூன்று தடை சொல்கிறேன்.

"வெளிக்காட்டு" என்றால் மனதில் உள்ளதைப் புலப்படுத்துவது. ஒரு க் கூடினால் பொருள் மாறிவிடும். தட்டச்சில் அந்தப் பிழை நிச்சயம் வரும். இரண்டாவது, பழஞ்சொற்களை ஒருவரும் தொடவில்லை. சிலப்பதிகாரத்தில் வரும் காலதர் இருக்கிறது, பலகணி இருக்கிறது. மூன்றாவது, பயணி யன்னல் என்றுதான் சொல்லப்போகிறார். "யன்னல் பக்க இருக்கை" என்று பழகிய வாய் திருக்கை வடிவ விமானத்திலும் அதையே கேட்கும்.

நீங்கள் சொல்லாத ஒன்று: "மெய்நிகர்" என்பதும் பிழை. அந்தச் சொல் கணினி உண்டாக்கிய உலகத்துக்குப் பதிவாகிவிட்டது; இங்கே படம் உண்மையானது, நேரடியானது. "மாய" என்றால் எங்கள் பௌதிகப் புத்தகத்து மாய விம்பம் நினைவுக்கு வரும். அதுவும் இது இல்லை.

பதில்

தங்கச்சி, நல்ல தடைகள்.

ஒற்று பற்றி: வழியைக் காட்டுவது வழிகாட்டி, க் மிகாது. வெளியைக் காட்டுவது வெளிகாட்டி, அதே விதி. நுணுக்குக்காட்டியில் க் மிகுவது நுணுக்கு வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால். வழிகாட்டியைப் பிழையாக எழுதுபவர் குறைவு. அதைப் பக்கத்தில் வைத்து விளக்கினால் போதும்.

காலதர் என்றால் கால் வரும் அதர், காற்று வரும் வழி. 11 கிலோமீற்றர் உயரத்தில் காற்று வழிவிடும் சாளரம் என்றால் அதுவே விபத்து. பலகணி பல கண்ணுள்ளது. பல கமராக்களின் படத்தை ஒட்டித் தைத்த அகன்ற சுவர்த் திரைக்கு அது பொருந்துமோ என்று நினைத்தேன். ஆனால் வீடு கட்டுபவர்கள் இன்னும் அதைப் பாவிக்கிறார்கள், குழப்பம் திரும்ப வரும். விடுவோம்.

பயணி யன்னல் என்று சொல்லட்டும். தடுக்கவும் முடியாது, தடுக்கவும் வேண்டாம். பூட்டுபவர், திருத்துபவர், கதவருகே நிற்பவர் மூவருக்கும்தான் சொல் பிரிந்திருக்க வேண்டும். கண்ணாடி உள்ளதற்குச் சாளரம் என்பதையே வைப்போம். அதன் உறுப்புகளுக்குச் சொல் ஏற்கெனவே எளிது: அமுக்கத்தைத் தாங்கும் வெளிக்கண்ணாடி, அது போனால் தாங்க நடுக்கண்ணாடி, கைபடும் உட்கண்ணாடி, நடுக்கண்ணாடியின் அடியில் மூச்சுத்துளை.

வெளிகாட்டியோடு இன்னும் இரண்டு சொல் வேண்டும். நின்றுபோன படத்துக்கு உறைபடம். படம் உயிரோடிருக்கிறதா என்று காட்ட, திரையின் ஓரத்தில் செக்கனுக்கு ஒருமுறை மினுங்கும் அடையாளத்துக்குத் துடிப்புக்குறி. அந்தக் குறியைத் திரையின் கணினி வரையக்கூடாது. கமராப் பக்கத்திலேயே படத்துக்குள் பதிந்து வர வேண்டும். இல்லாவிட்டால் படம் உறைந்த பிறகும் குறி மினுங்கிக்கொண்டேயிருக்கும். விளக்கக் குறிப்பில் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

சொற்களை ஒரு கைநூல் வசனத்தில் வைத்துப் பார்த்தேன்: "கதவைத் திறக்க முன் வெளிகாட்டியின் துடிப்புக்குறியைப் பார். குறி நின்றிருந்தால் அது உறைபடம். கதவுச் சாளரத்தினூடாக வெளியைப் பார்த்த பிறகே திற."

யாருக்காவது இந்த வசனம் இடறினால், எந்தச் சொல்லில் இடறுகிறது என்று எழுதுங்கள். "திருக்கை வடிவம்" பற்றி வேறு தலைப்பில் தொடங்குகிறேன்.