மாகாணப் போட்டிக்குப் போகப் பிள்ளைகளிடம் காசு அறவிடலாமா?

வாவிக்கரை:
மட்டக்களப்பு, பட்டிருப்புக் கல்வி வலயப் பாடசாலை ஒன்று. வலய மட்டத்தில் வென்ற 30 பிள்ளைகள் மாகாணப் போட்டிக்குத் திருகோணமலை போகவேணும். பஸ்ஸுக்கு 60,000 கேட்கிறாங்க. தலைக்கு 2,000, ஜேர்சிக்கு வேற 1,800 என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பேச்சு. கட்டாத பிள்ளையின் பெயரை வெட்டுறதாம். சேர்மார் என்ன சொல்றீங்க?

கணக்குப்பிள்ளை:
தலைக்கணக்குப் போட்டதுதான் பிழை. ஆள் குறைஞ்சா பஸ் வாடகை குறையாது. 8 பேர் கட்டாட்டி மிச்ச 22 பேருக்கும் 2,727 ஆகும். அதைக் கேட்டு இன்னும் 4 பேர் விலகினால் 3,333.

பஸ், சாப்பாடு ரெண்டும் பொதுச் செலவு. சங்கக் கணக்கிலிருந்தும் பழைய மாணவர் சங்கத்திடமிருந்தும் வரவேணும். பெரிய பஸ்ஸில் 50 இருக்கை அளவில் இருக்கும். மிச்ச இடத்துக்குப் பக்கத்துப் பாடசாலையைச் சேர்த்தால் வாடகையில் ஒரு பங்கு கழியும். இதைப் பஸ் பேச முதலே கேளுங்க, பிறகு கேட்டால் அவங்களும் வேற வாகனம் பிடிச்சிருப்பாங்க.

பெற்றோரிடம் வாங்கியே ஆகவேணும் என்றால் வருடத் தொடக்கத்தில் எல்லாரிடமும் சிறு தொகையாக, விருப்பப்படி. பெரும்போக நெல் வெட்டு முடியும் மாசி, பங்குனியில் கையில் காசிருக்கும், விதைப்புக் காலத்தில் இராது. காசு பயிற்றுநர் கைக்குப் போகவே கூடாது. சங்கக் கணக்கில் போட்டு, பற்றுச்சீட்டு வெட்டி, கூட்டக் குறிப்பிலும் எழுதுங்க. காசு அறவிடுவது பற்றி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கு, அதிபரிடம் வாங்கி முதலில் வாசியுங்க.

மைதானம்:
பெயர் வெட்டுற கதையை முதலில் நிற்பாட்டுங்க. 4×100 அஞ்சல் ஓட்டத்தில் கோல் மாற்ற 30 மீற்றர் இடம்தான். 1ஆம் ஆள் எந்த அடையாளத்துக்கு வரும்போது 2ஆம் ஆள் ஓடத் தொடங்குவது என்பது 1ஆம் ஆளின் வேகத்தைப் பார்த்து, பாத அளவில் அளந்து வைச்சது. காசில்லை என்று 1ஆம் ஆளை மாற்றினால் அந்த அளவு உதவாது. புது ஆள் வேகம் குறைவென்றால் 2ஆம் ஆள் கோல் வாங்காமலே 30 மீற்றரைத் தாண்டிப்போவார். தாண்டி மாற்றினால் குழுவே வெளியே. கட்டின மற்ற மூன்று பேரின் காசும் அதோட போச்சு.

ஜேர்சி பாடசாலைச் சொத்தாக இருக்கட்டும். பெயர் அடிக்காதீங்க. பெயர் அடிச்சா அடுத்த வருடம் வேற பிள்ளைக்குக் கொடுக்கேலாது. இலக்கம் மட்டும் அடிச்சு, ஒரு அளவு பெரிசாக எடுத்து, போட்டி முடியத் தோய்ச்சு வாங்கி வையுங்க. உட்பக்கம் வெளியே வர நிழலில் காயப்போடவேணும். இலக்கத்துக்கு மேல அயன் பிடிச்சா உரிஞ்சி வரும்.

வாவிக்கரை:
நன்றி சேர். ஜேர்சி ஓடர் இன்னும் குடுக்கல்ல, பெயர் அடிக்கவேண்டாம் என்று சொல்லுறன். பக்கத்துப் பாடசாலையில் 14 பிள்ளைகளாம், அவங்கட அதிபரோட நாளைக்குக் கதைக்கிறம்.