கிம்ச்சி போட்ட கதை

முட்டைக்கோஸை மசாலா தடவிப் புளிக்க வைக்கும் கொரிய ஊறுகாயான கிம்ச்சியைச் சாப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கிம்ஜாங்கில் உட்கார்ந்து கிம்ச்சி போட்டவர்கள் குறைவுதான். தென்கொரியாவின் குவாங்ஜூவில் படித்தபோது வீட்டுக்கார அம்மா என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார். நவம்பர் கடைசியில், குளிர்காலம் முழுவதற்கும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடிக் கிம்ச்சி போடுவதுதான் கிம்ஜாங். 2013-இல் தென்கொரியக் கிம்ஜாங்கை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2015-இல் வடகொரிய வழக்கமும் சேர்ந்தது.

வேலை முந்தின நாளே தொடங்கிவிடும். சீன முட்டைக்கோஸை நீளவாக்கில் பிளந்து, கெட்டியான தண்டுப் பக்கம் கல்லுப்பைத் தாராளமாகத் தூவி, இரவெல்லாம் ஊற விடுவார்கள். காலையில் தண்டை வளைத்துப் பார்ப்பார் அந்த அம்மா. முறியாமல் வளைந்தால் பதம். உப்பு, சினான் தீவுகளின் உப்பளத்திலிருந்து வந்தது. வாங்கியதும் போட்டுவிடுவதில்லை; மூட்டையோடு வைத்துக் கசப்பு நீர் வடியும்வரை வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். தூத்துக்குடிக்காரனான எனக்கே உப்பைப் பழசாக்குவது புதுசாக இருந்தது.

அப்புறம் மசாலா. மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கிச் சீவல், கூடவே ஒட்டும் அரிசியில் காய்ச்சிய கஞ்சி. கஞ்சி எதற்கு என்று கேட்டேன். மசாலா இலையில் பிடிக்க வேண்டாமா என்றார். புளிக்க வைக்கும் பாக்டீரியாவுக்கும் அது தீனி. கடைசியாக ஜொத்கால்: உப்பில் ஊறிப் புளித்த நெத்திலி, இறால். கருவாடு பழகிய மூக்குக்குக்கூட அந்த நெடி கொஞ்சம் அதிகம். தெற்கே ஜொல்லா பக்கம் இதைத் தாராளமாகப் போடுவார்கள். வடக்கே போகப்போக உப்பும் காரமும் குறைந்து, கிம்ச்சியில் தண்ணீர் கூடும்.

நம் எண்ணெய் ஊறுகாயில் உப்பை அள்ளிப் போட்டுக் காயை அப்படியே நிறுத்தி வைக்கப் பார்க்கிறோம். கிம்ச்சியில் உப்பு சுமார் 2 சதவீதம்தான் நிற்கும். கெடுக்கும் கிருமிகளை அடக்க அது போதும், புளிக்க வைப்பவை பிழைத்துக்கொள்ளும். அதனால் ருசி வாரத்துக்கு வாரம் மாறும். போட்ட அன்றே வேகவைத்த பன்றியிறைச்சியோடு பச்சையாகச் சாப்பிடுவார்கள். மாதக்கணக்கில் புளித்ததைக் கொதிக்க வைத்தால் கிம்ச்சி ஜிகே என்ற குழம்பு. நான் பழைய கிம்ச்சி கட்சி. முன்பு ஜாடியை மண்ணில் புதைப்பார்கள். இப்போது கிம்ச்சிக்கென்றே தனி ஃப்ரிட்ஜ்.

சைவக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பாக, வெறும் காய்கறி போலத்தான் தெரியும். உள்ளே பெரும்பாலும் மீனோ இறாலோ இருக்கும். என்னோடு தங்கியிருந்த கும்பகோணத்து நண்பர் விஷயம் தெரிந்ததும் பௌத்தக் கோயில் கிம்ச்சிக்கு மாறிவிட்டார். அதில் மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயத்தாளும்கூடக் கிடையாது. துறவிகள் ஒதுக்கும் நெடிப் பொருட்கள் ஐந்து. அதில் ஐந்தாவது, நம்பினால் நம்புங்கள், பெருங்காயம்! கொரியச் சமையலில் அதை யாரும் போடுவதே இல்லை. விதி மட்டும் பௌத்த நூல்களோடு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. நண்பர் நன்றிக்கு அந்தக் கோயிலுக்கு ஊர் எலுமிச்சை ஊறுகாய் கொடுப்பதாக இருந்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்து பாருங்கள் என்றேன். சரி, ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார்.