கெம்-இ-கார் போட்டிக்கு இவ்வளவு நேரம் கொடுப்பது சரிதானா?

நிறைசமன்:
கெமிக்கல் இன்ஜினியரிங் மாணவர்களிடம் கெம்-இ-கார் போட்டிக்கு இருக்கும் மவுசு எனக்குப் புரியவே இல்லை. தெரியாதவர்களுக்காக: அமெரிக்க வேதிப் பொறியாளர் கழகம் 1999-இலிருந்து நடத்தும் போட்டி இது. செருப்புப் பெட்டி அளவில் ஒரு வண்டி. வேதிவினையால் ஓட வேண்டும், வேதிவினையாலேயே நிற்க வேண்டும், பிரேக்கும் கூடாது டைமரும் கூடாது. 15 முதல் 30 மீட்டருக்குள் எவ்வளவு தூரம், 500 மில்லி வரை எவ்வளவு தண்ணீர்ச் சுமை என்பதை ஓட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்புதான் சொல்வார்கள். கோட்டுக்கு மிக அருகில் நிற்கிற வண்டி ஜெயிக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உழைப்பில் பாதிக்கு மேல் சக்கரம், அச்சு, மோட்டார், வயரிங் என்றே போகிறது. வெப்பம் கைமாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லை, கலவையைக் காய்ச்சிப் பிரிக்கும் கோபுரம் இல்லை, செலவுக் கணக்கு இல்லை. இதே கழகம் 1932-இலிருந்து மாணவர் வடிவமைப்புப் போட்டி நடத்துகிறது. ஆலை சம்பந்தமான ஒரு சிக்கல், 30 நாள், வெளியாள் உதவி கிடையாது, முடிவில் முழு அறிக்கை. நம் தொழில் என்பது அதுதான். துறையின் காசும் ஆய்வக நேரமும் அங்கே போகட்டும் என்பது என் கட்சி.

அயோடின்_நீலம்:
நான் இப்போது ஒரு கார் குழுவில் இருக்கிறேன், அதனால் பேசாமல் இருக்க முடியவில்லை. நிறுத்துகிற வினையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது சார்.

நிறைய குழுக்கள் அயோடின் கடிகார வினையை வைத்துத்தான் நிறுத்துகின்றன. சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு பக்கம் எல்.இ.டி., எதிர்ப்பக்கம் வெளிச்சத்தை உணரும் போட்டோ ரெசிஸ்டர். உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடைடும் மெதுவாக அயோடினை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், வைட்டமின் சி அதை உடனுக்குடன் தின்றுவிடும். வைட்டமின் சி தீர்ந்த அந்த நொடியில் ஸ்டார்ச் கருநீலமாகிவிடும், வெளிச்சம் மறையும், சர்க்யூட் மோட்டாரை அணைத்துவிடும். எத்தனை நொடி ஓட வேண்டுமோ அதற்கேற்ப வைட்டமின் சி. எவ்வளவு வைட்டமின் சி-க்கு எத்தனை நொடி என்று காட்டும் அளவுக்கோட்டை நாமேதான் சோதித்து வரைய வேண்டும்.

இப்போது ஆய்வகத்தில் 30 டிகிரியில் வரைந்த கோட்டை எடுத்துக்கொண்டு 25 டிகிரி ஏ.சி. அரங்குக்குப் போங்கள். ஆக்டிவேஷன் எனர்ஜி, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு 55 கிலோஜூல் என்று வைத்தால், வினை வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியில் மாறும் என்கிற அர்ரீனியஸ் சமன்பாட்டின்படி வினை முடிய ஏறக்குறைய 1.4 மடங்கு நேரமாகும். 20 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 28 தாண்டிப் போய்விடும். பரீட்சையில் இந்தச் சமன்பாட்டை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்கூட அரங்கின் வெப்பநிலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வருகிறார்கள். வண்டி கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் அந்த அடுக்குக்குறிக்கு என்ன அர்த்தம் என்று உறைக்கிறது.

நிறைசமன்:
நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி, இதே வினையை வெப்பநிலை மாறாத ஒரு தெர்மோஸ்டாட் தொட்டியில் வைத்து மூன்று வெப்பநிலையில் செய்தால் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாமே. அதற்கு வண்டி எதற்கு, பயணச் செலவு எதற்கு? தொழிற்சாலையில் எனக்கு ஜூனியராக வருகிறவர்களிடம் நான் பார்க்கும் குறை வேறு. மாஸ் பேலன்ஸ் மூடவில்லை, அதாவது உள்ளே போன நிறையும் வெளியே வந்த நிறையும் ஒத்துவரவில்லை என்றால் எங்கே தேடுவது என்று தெரியாது. கோபுரத்தின் உயரம் சொல்வார்கள், அதற்கு என்ன விலையாகும் என்று கேட்டால் முழிப்பார்கள். வடிவமைப்புப் போட்டி இதைத்தான் பழக்குகிறது. தரவு முழுதாக இருக்காது, நீயே அனுமானம் எடுக்க வேண்டும், ஏன் எடுத்தாய் என்று எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

கோபுரத்தட்டு:
வடிவமைப்புப் போட்டியை ரொம்பவும் உயர்த்துகிறீர்கள். அறிக்கைகளைத் திருத்துகிற வேலையில் இருக்கிறேன், அங்கே நடப்பதைச் சொல்கிறேன். சிமுலேஷன் மென்பொருளில் எத்தனால், தண்ணீர் இரண்டையும் போட்டு, கலவை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் தெர்மோடைனமிக் மாடலைக் கேட்கும் இடத்தில் ஐடியல், அதாவது சிக்கலில்லாத லட்சியக் கலவை, என்று விட்டுவிடுவார்கள். கோபுரம் சமர்த்தாக 99 சதவீத எத்தனாலைக் கொடுத்துவிடும். திரையில் பச்சை விளக்கு, ஓட்டம் முடிந்தது. நிஜத்தில் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எடையில் 95.6 சதவீதத்துக்குப் பக்கத்தில் அசியோட்ரோப் குறுக்கே நிற்கும், அங்கே ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும், எத்தனை தட்டு சேர்த்தாலும் அந்தக் கோபுரத்தால் அதைத் தாண்ட முடியாது. காகிதத்தில் இருக்கும் கோபுரம் இதை யாருக்கும் சொல்லாது. கார் சொல்லிவிடும், எல்லார் முன்னாலும், இரண்டு நிமிஷத்துக்குள்.

நிறைசமன்:
அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்! திருத்துபவர் அந்த ஒரு இடத்தைப் பிடித்து அறிக்கையைத் திருப்பி அனுப்பினால் அந்த மாணவர் ஆயுசுக்கும் மாடலைப் பார்க்காமல் கோபுரத்தை ஓட்ட மாட்டார். காரில் அப்படி யார் சொல்கிறார்கள்? அரை மீட்டர் தள்ளி நின்றது வினையாலா, சக்கரம் வழுக்கியதாலா, பேட்டரி அன்று கொஞ்சம் பலமாக இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை. அதிர்ஷ்டத்தில் கோட்டில் நின்ற வண்டிக்கும் கோப்பைதான்.

மூன்றாமாண்டு:
இரண்டு பக்கமும் பெரியவர்கள் பேசுகிறீர்கள், ஒன்று கேட்கிறேன். கார் குழுவில் பெயர் பத்துப் பேர், கையில் பைப்பெட் பிடிப்பவர் இரண்டு பேர். முதலாமாண்டிலேயே சீனியரைப் பிடித்தவர்கள் உள்ளே, மற்றவர்கள் போஸ்டர் ஒட்டுவது, சாமான் தூக்குவது. நான் தூக்கியிருக்கிறேன். அப்புறம் நேர்காணலில் எல்லாரும் ஒரே வரியை எழுதிக்கொள்கிறோம், பரிசு பெற்ற குழுவின் உறுப்பினர் என்று. வடிவமைப்புப் போட்டியில் தனி நபர் பிரிவு இருக்கிறது என்பதையே நான் தற்செயலாகத்தான் தெரிந்துகொண்டேன், எங்கள் துறையில் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. போட்டோவில் அழகாக வருவது காருக்குத்தான் என்பதால் துறையும் அதையே பிடித்துக்கொள்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அயோடின்_நீலம்:
இது உண்மையான குறை. ஆனால் இது குழுவை நடத்துகிறவர்கள் மேல் உள்ள குறை, போட்டி மேல் இல்லை. குழுவாகச் சேர்ந்து செய்கிற வடிவமைப்பு அறிக்கையிலும் ஒருவர் எழுத மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறார்களே, பார்த்ததில்லையா?

ரிலீஃப்_வால்வ்:
யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன், இது எனக்கு முக்கியம்.

2007 டிசம்பரில் புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் ஆலை வெடித்தது. வினை நடக்கும் கலமான ரியாக்டருக்குக் குளிரூட்டும் ஏற்பாடு ஒன்றே ஒன்று, மாற்று கிடையாது. அது கைகொடுக்காத நாளில் வினை கட்டுமீறிப் போனது, நான்கு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆலையின் கூட்டு உரிமையாளரும் ஒருவர், அவர் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். விசாரித்த அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம், இளநிலைப் பாடத்திட்டத்திலேயே வினைசார் ஆபத்துகளைச் சேர்க்க வேண்டும் என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பொறியாளர் கழகத்துக்குப் பரிந்துரை அனுப்பியது.

கெம்-இ-காரில் பாதுகாப்பு ஆவணம் இல்லாமல் வண்டியைத் தரையில் வைக்க முடியாது. எந்த ரசாயனம், எவ்வளவு, கொட்டினால் என்ன, அழுத்தம் ஏறினால் எது திறக்கும் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஓட்டத்துக்கு முன் ஆய்வு செய்பவர் தடுத்தால் அவ்வளவுதான், வண்டி ஓடாது. பெராக்சைடைச் சிதைத்து ஆக்சிஜன் அழுத்தத்தில் ஓட்டுகிற வண்டியில் மிஞ்சிய அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வின் அளவை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தாய் என்று ஒரு இருபது வயதுப் பிள்ளையிடம் வேறு எங்கே கேட்கிறார்கள்? வகுப்பில் வால்வின் படம் வரைகிறான், இங்கே அந்த வால்வு அவன் முகத்துக்கு முன்னால் இருக்கிறது.

நிறைசமன்:
இந்த வாதம் கனமானது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அந்த ஆவணத்தால் ஓட்டத்தில் ஜெயிக்க முடியுமா? அங்கே அது நுழைவுச்சீட்டு மட்டும்தான். சீட்டை எப்படியாவது வாங்குவது என்றுதான் குழுக்கள் நினைக்கின்றன, போன வருஷத்து ஆவணத்தில் தேதியை மாற்றிக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் வற்புறுத்திய உள்ளார்ந்த பாதுகாப்பின்படி, அதாவது ஆபத்தைக் காவல் காப்பதைவிட அதை இல்லாமலே செய்வது நல்லது என்ற கொள்கைப்படி பார்த்தால், பெராக்சைடையும் அழுத்தத்தையும் அடியோடு தவிர்த்த வண்டிக்குத்தான் முதலிடம் தர வேண்டும். கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் அளக்கும் ஓட்டத்தில் அந்த வண்டிக்கு ஒரு மதிப்பெண்கூட அதிகம் கிடைக்காது.

கோபுரத்தட்டு:
அப்படியானால் விதியை மாற்றச் சொல்லுங்கள், போட்டிக்குக் காசை நிறுத்தச் சொல்லாதீர்கள்.

மூன்றாமாண்டு:
காசு ஒரு பங்குதான் இருக்கிறது சார், அதுதானே சண்டையே. காருக்குப் போனால் சிமுலேஷன் மென்பொருள் உரிமத்துக்கு இல்லை.

நிறைசமன்:
அதேதான். என் துறையாக இருந்தால் முதலில் உரிமம் வாங்குவேன், மீதி இருந்தால் கார். கார் குழுவுக்குக் கொடுக்கும் காசுக்கும் ஒரு நிபந்தனை வைப்பேன்: அளவுக்கோடு வரைந்த நோட்டை, தப்பிப்போன ஓட்டங்களோடு சேர்த்து, துறை நூலகத்தில் கொடுக்க வேண்டும். வெப்பநிலை எழுதாத பக்கம் செல்லாது.

அயோடின்_நீலம்:
எங்கள் நோட்டு தயார், வெப்பநிலை எல்லாப் பக்கத்திலும் இருக்கிறது. உரிமம்தான் முதலில் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாங்கள் அளந்த எண்ணைத்தான் அந்த மென்பொருளுக்குள் போடப் போகிறீர்கள்.