தாள் அடுக்கு இடைவிடாமல் ஓட ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். நல்லூருக்கு அருகே சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் ஓப்செற் அச்சு இயந்திரத்தில் 60 கிராம் (சதுர மீற்றருக்கான எடை) தாள் ஓடும்போது இரண்டு தாள்கள் ஒட்டியபடியே உள்ளே போவதால், இரட்டைத் தாளைக் கண்டறியும் உருளை அடிக்கடி இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. 80 கிராம் தாளில் இந்தச் சிக்கல் இல்லை.

தாளைக் காற்றால் இழுத்துத் தூக்கும் உறிஞ்சிகளின் இறப்பர் வளையங்களை மாற்றிவிட்டேன். பின்விளிம்பில் தாள்களைப் பிரிக்கும் காற்றைக் கூட்டினால் மேல் தாள் மிதந்து கோணலாகச் செல்கிறது; குறைத்தாலோ, ஈரத்தில் விளிம்பு சுருண்ட தாள்கள் பிரிய மறுக்கின்றன. தாள் கட்டைப் பிரித்து, கையால் நன்றாக விசிறி, மூலைகளைத் தட்டி அடுக்கினால் சிறிது நேரம் ஒழுங்காக ஓடுகிறது. அந்தச் சீரான ஓசையைக் கேட்கும்போதே மனம் ஆறுகிறது. மெல்லிய தாளுக்கு அடுக்கின் உயரத்தையும், பிரிப்புத் தகடுகள் தாளின் மேல் நீளும் அளவையும் எவ்வாறு அமைக்கிறீர்கள்?

இன்னொன்று: அடுக்கு தீருமுன் மீதித் தாள்களைக் கம்பிகளால் தாங்கிக்கொண்டு, புதிய அடுக்கைக் கீழிருந்து உயர்த்திச் சேர்க்கும் அமைப்பைப் பழைய இயந்திரத்தில் பொருத்தியவர்கள் இருந்தால், கம்பிகளை உருவும்போது அடித்தாள் மடங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள். பாடசாலைப் பயிற்சிப் புத்தக வேலை கையில் இருப்பதால் விரைவான பதில் பேருதவியாக இருக்கும்.