ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டை வேறு செயினுக்குக் கொண்டு செல்லும்போது இருவர் கண்டவை

எத்திரியம் போன்ற பிளாக்செயின்களில் (சுருக்கமாக, செயின்) தானாக இயங்கும் நிரல்களான ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டுகளைத் தணிக்கை செய்யும் எனக்கு, "எத்திரியத்திலேயே ஆடிட் முடிந்துவிட்டது, ஒரு வரிகூட மாறவில்லை, புதிய செயினில் டெப்லாய் செய்வதுதான் பாக்கி" என்று சொல்லிக்கொண்டு வருபவர்களைக் கண்டால்தான் கவலை அதிகம். அப்படி வந்த ஒரு நிறுவனம், எத்திரியத்தில் தனக்கிருந்த மல்டிசிக் வாலட்டின் (பலர் கையொப்பமிட்டால்தான் பணம் நகரும் வாலட்) முகவரியையே புதிய செயினிலும் நிர்வாகியாகக் குறித்திருந்தது. அங்கே அம்முகவரியில் எதுவுமே இல்லை. சாதாரண வாலட்டின் சாவி எத்திரியத்தின் நிரல்களை இயக்கவல்ல எல்லா ஈவிஎம் செயின்களிலும் செல்லும். மல்டிசிக்கோ தானே ஒரு கான்ட்ராக்ட் என்பதால், ஒவ்வொரு செயினிலும் அதைத் தனியாக நிறுவியாக வேண்டும்.

அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டியது 2022 ஜூனில் வெளிவந்த வின்டர்மியூட் என்னும் கிரிப்டோ வர்த்தக நிறுவனத்தின் விவகாரத்தை. அந்நிறுவனம் கொடுத்த முகவரிக்கு ஆப்டிமிசம் என்னும் செயினின் அறக்கட்டளை, அச்செயினின் 2 கோடி ஓபி டோக்கன்களை அனுப்பியது. அந்த மல்டிசிக் எத்திரியத்தில் இருந்ததே தவிர, ஆப்டிமிசத்தில் நிறுவப்படவில்லை. இருமுறை சோதனையாக அனுப்பி, கிடைத்ததென்று உறுதி பெற்ற பின்பே மீதியும் போனது. (டோக்கன் வந்து சேர்ந்ததை, செயினின் பரிவர்த்தனைகளைப் பார்க்க உதவும் தளமான எக்ஸ்ப்ளோரர் காட்டும், அதை எடுக்க முடியுமா என்பதைக் காட்டாது.) வாலட்டுகளை உருவாக்கும் ஃபேக்டரி கான்ட்ராக்ட்டை எத்திரியத்தில் நிறுவிய பழைய பரிவர்த்தனையின் கையொப்பத்தில், அது எந்தச் செயினுக்கானது என்று குறிக்கும் செயின் ஐடி இல்லாததால், அதை அப்படியே ஆப்டிமிசத்திலும் செலுத்த முடிந்தது. தாக்கியவர் அதே முகவரி கிடைக்கும்வரை வாலட்டுகளை அடுத்தடுத்து உருவாக்கி, அதைத் தன் வசமாக்கிக்கொண்டார். 1.7 கோடி டோக்கன்களை அவர் பின்னர் திருப்பித் தந்தது அதிர்ஷ்டமே.

*

மேலே எழுதிய நண்பர் முகவரியைச் சொன்னார். எனக்கு அச்சமூட்டுவது டோக்கன். 2022 மார்ச்சில் நோசிஸ் செயினில் அகேவ், ஹண்ட்ரட் ஃபைனான்ஸ் என்னும் இரு கடன் தளங்கள் ஒரே நாளில் கொள்ளைபோயின. முன்னது ஆவே என்னும் கடன் தளத்தின் நகல், பின்னது காம்பவுண்ட் என்னும் கடன் தளத்தின் நகல். செயின்களுக்கிடையே டோக்கன்களைக் கொண்டு செல்லும் பிரிட்ஜ் வழியாக அங்கே வந்த டோக்கன்கள், கைமாறும்போது பெறுபவரின் கான்ட்ராக்ட்டை அழைக்கும் வகையைச் சேர்ந்தவை. கடன் கணக்கில் ஏறுவதற்குள் மறுபடி கடன் வாங்க அந்த அழைப்பே வழிவிட்டது.

நான் நேரில் கண்டது இதைவிட எளிய பிழை. டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிடி டோக்கனுக்கு எத்திரியத்தில் 6 தசம இடங்கள், பிஎன்பி செயினில் புழங்கும் யுஎஸ்டிடிக்கு 18. ஒரு குழு 6 என்பதை நிரலிலேயே எழுதிவைத்திருந்தது. சோதனைக்கான செயினான டெஸ்ட்நெட்டில் அவர்களே உருவாக்கிய போலி டோக்கனுக்கும் 6 என்றே வைத்திருந்ததால், சோதனைகள் அனைத்தும் பழுதின்றித் தேறின. உண்மைச் செயினின் நகலான மெயின்நெட் ஃபோர்க்கில் உண்மையான டோக்கனை வைத்து ஓட்டச் சொன்ன பிறகே பிழை வெளிப்பட்டது.