மயிலாப்பூர் வடிகால் மூடிகள் மேப்பில் முகலிவாக்கத்தில் விழுகின்றன: லேட்-லாங் பட்டியலில் என்ன சிக்கல்?

ஊருணி:
பருவமழைக்கு முன் மயிலாப்பூர் மழைநீர் வடிகால் மூடிகளை கூகுள் மை மேப்ஸில் ஏற்ற வேண்டும். மூடிகளின் லேட்-லாங் (அட்சரேகை, தீர்க்கரேகை) கொண்ட எக்செல் பட்டியல் பலர் சேர்ந்து குறித்தது. பாதிப் புள்ளிகள் சரியாக இருக்கின்றன. சில முகலிவாக்கம் பக்கம் போய்விடுகின்றன (உதாரணம்: 13.0215, 80.1630). இரண்டு மூன்று ஆர்க்டிக் கடலுக்கே போகின்றன. மொத்தமாகத் திருத்த வழி உண்டா?

அளவுகோல்:
அந்த உதாரணம் உண்மையில் 13° 02′ 15″, 80° 16′ 30″ (டிகிரி, நிமிடம், விநாடி). நிமிடம், விநாடிக் குறிகளை விட்டுவிட்டு, தசமப் புள்ளி வைத்துத் தட்டியிருக்கிறார்கள். சரியான கணக்கு: டிகிரி + நிமிடம் ÷ 60 + விநாடி ÷ 3600. அப்படிப் போட்டால் 13.0375, 80.2750, மயிலாப்பூரேதான். இல்லாவிட்டால் மேற்கே சுமார் 12 கிலோமீட்டர், தெற்கே 1.8 கிலோமீட்டர் தள்ளிப் போகும்.

தப்பான வரிசைகளைத் தீர்க்கரேகையை வைத்துப் பிடியுங்கள். மயிலாப்பூருக்கு அது 80.26 முதல் 80.28 வரைதான் வரும், 80.15, 80.16 என்று தொடங்குவதெல்லாம் நிமிடக் கணக்கு. அட்சரேகையை நம்பாதீர்கள். அதில் இரண்டு முறைக்கும் வித்தியாசம் குறைவு.

எக்செல் கடைசிச் சுழியத்தை விழுங்கிவிடும், கவனம். 80.1630 என்பது 80.163 ஆகிவிட்டால், எழுத்தாகப் பிரிக்கும்போது 30 விநாடி 3 விநாடியாகிவிடும். முதலில் நான்கு தசம இடம் வருமாறு எழுத்தாக மாற்றி, பிறகு பிரியுங்கள்.

இன்னொன்று: 80.1675 போல கடைசி இரண்டு இலக்கம் 59-ஐத் தாண்டினால் அது விநாடியாக இருக்க முடியாது. 16.75 நிமிடம் என்று பொருள். 60-ஆல் மட்டும் வகுக்க வேண்டும். கையடக்க ஜிபிஎஸ் கருவிகள் பலவும் இப்படித்தான் காட்டும். அந்தக் கருவியில் எடுத்த வரிசைகள் எவை என்று குறித்தவர்களிடமே கேட்டுவிடுவது நல்லது. 59-க்குள் இருக்கும் எண்ணைப் பார்த்து மட்டும் அது எந்த முறை என்று சொல்ல முடியாது.

தென்திசை:
ஆர்க்டிக் விஷயம் எளிது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. 80 டிகிரி வடக்கு, 13 டிகிரி கிழக்கு என்றால் ஸ்வால்பார்டு என்ற ஆர்க்டிக் தீவுகளுக்கு வடக்கே கடல். கூகுள் தேடலில் அட்சரேகை முதலில். கேஎம்எல், ஜியோஜேசான் என்ற மேப் தரவுக் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில். அங்கிருந்து நகலெடுத்தால் இப்படி ஆகும். சென்னைக்கு 80 எப்போதும் தீர்க்கரேகை என்பதால் ஒரே ஃபில்டரில் பிடித்துவிடலாம்.

அளவுகோல்:
மை மேப்ஸில் ஏற்ற சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பாக) சேமிக்கும் முன் தசம இடங்களையும் பாருங்கள். செல்லில் தெரிவதுதான் கோப்பில் போகும். 13.04 என்று தெரிந்தால் 13.04 மட்டுமே போய், புள்ளி அரை கிலோமீட்டர் வரை நகரலாம். நான்கு இடம் என்றால் 11 மீட்டர், ஐந்து இடம் என்றால் ஏறக்குறைய ஒரு மீட்டர். மூடிக்கு ஐந்து வேண்டும்.

ஊருணி:
நன்றி. ஃபில்டர் போட்டதும் எல்லாம் பிடிபட்டன. விடுபட்ட மூடிகளை மேப்பிலிருந்தே எடுக்கலாமா?

தென்திசை:
எடுக்கலாம். சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கி, கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்தால் முதல் வரியே லேட்-லாங். அதைக் கிளிக் செய்தால் நகலாகிவிடும். போனில் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். முகவரிப் பட்டையில் @ குறிக்குப் பின் வரும் எண்களை எடுக்காதீர்கள். அது திரையின் நடுப்புள்ளி, நீங்கள் குறித்த இடம் அல்ல. மரநிழலில் மூடி தெரியாத இடத்துக்கு நேரில் போய்த்தான் குறிக்க வேண்டும். திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் 5 மீட்டர் அளவுக்கு விலகும், மாடவீதிச் சந்துகளில் இன்னும் கூடும். அதனால் குறிப்புக் கட்டத்தில் எதிர் வீட்டுக் கதவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.